முதுகு தேர்ந்தெடுத்த வண்டி

பதினான்கு கார்களில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பதினைந்தாவது காரில் கஸ்யோகா தூங்கியே போனாள்.

ஒடின்டோ கண்ணாடியைத் தட்டினான். அசைவில்லை. சனிக்கிழமை காலை பத்தரை மணி. நைரோபியின் ங்கோங் சாலை முழுக்க ஹாரன் சத்தம். பழைய கார் விற்கும் யார்டின் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மினிபஸ்காரன் ஆள் ஏற்ற தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அத்தனைக்கும் நடுவில் அந்த வெள்ளை ஸ்டேஷன் வேகனின் ஓட்டுநர் சீட்டில் அவள், பிரசவம் முடிந்த பெண்ணைப் போல, நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க கஸ்டமர் செத்துட்டாங்களா?" என்றார் யார்டின் சொந்தக்காரர் கிச்சுஹி. அகலமான மனிதர். சட்டைப் பையில் நாலு பேனா, கையில் இரண்டு போன்.

"இருபது நிமிஷமா பொய்யே கேட்காம இருக்காங்க. அந்த சுகத்துல தூங்கிட்டாங்க," என்றான் ஒடின்டோ.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. முன்னாள் மெக்கானிக். இப்போது துப்பறியும் கெருபோவின் உதவியாளன். கூர் முனை ஷூவில் யார்டின் சேறு படக்கூடாது என்று கல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருந்தான். கெருபோ இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளை மதிப்பிட்டவர். ஒரு பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து வெளியே வந்து, மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். கொலை கொள்ளை எல்லாம் எப்போதாவதுதான். பெரும்பாலும் இப்படித்தான்: ஏமாந்துவிடக் கூடாது என்று பயந்த யாராவது படியேறி வருவார்கள்.

கஸ்யோகா மட்டும் பயந்து வரவில்லை. கோபமாக வந்தாள்.

"எனக்கு ஒரு கார் வேணும் மேடம்," என்றாள் நேற்று கெருபோவிடம், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல். "மாசம் அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடணும். என் இடுப்பை ஒடிக்காத சீட் வேணும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதை ஓட்டிட்டுப் போய் என் கம்பெனி வாசல்ல நிறுத்தணும். நான் வண்டியைத் தேர்ந்தெடுப்பேன். அதுக்குள்ள என்ன பொய் இருக்குன்னு நீங்க சொல்லணும்."

கதை சுருக்கமானது. மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவள். ஆறு வருடம் கரிஸ்ஸா சாலை அவளுடையது. திக்கா, மத்தூ, ம்விங்கி என்று ஒவ்வொரு ஊர் டாக்டரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிப்ரவரியில் அவள் ஓட்டிய கம்பெனிக் கார் கம்பெனி வளாகத்துக்குள்ளிருந்தே காணாமல் போனது. சாவி அவள் கைப்பையில் இருந்தது. யாரும் அவளை முகத்துக்கு நேராகத் திருடி என்று சொல்லவில்லை. மேசை ஒன்றைக் காட்டினார்கள், அவ்வளவுதான். "முதுகு சரியில்லாத பொம்பளைக்கு நாற்காலிதாம்மா நல்லது," என்றார் வாகனப் பொறுப்பாளர் ம்பாட்டியா. கூடவே ஒரு நிபந்தனை: திங்கட்கிழமைக்குள் சொந்த வண்டி கொண்டு வந்தால் சாலை அவளுக்கு. இல்லாவிட்டால் அது ம்பாட்டியாவின் அக்கா பையனுக்கு.

கார்க் கதவு திறந்தது. கஸ்யோகா விழித்துக்கொண்டாள். வெட்கமே இல்லாமல் சோம்பல் முறித்தாள்.

"இதுதான்," என்றாள்.

"சிஸ்டர், உங்க கண்ணுக்கு வைர வியாபாரம் பண்ணலாம்!" கிச்சுஹி ஓடி வந்தார். "ஜப்பான்லேர்ந்து வந்து மூணே வாரம். மொம்பாஸா துறைமுகத்துல இறங்கினது. இன்னும் நம்பர் பிளேட்கூட வரலை பாருங்க. மீட்டரைப் பாருங்க, நாப்பத்தோராயிரம். அங்க ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஓட்டினது. ஞாயித்துக்கிழமை மட்டும்."

"ஜப்பான்ல அவ்ளோ டீச்சரா?" என்றான் ஒடின்டோ. "போன மாசம் பார்த்த மூணு யார்டுலயும் டீச்சர்தான். பாடம் யார் நடத்துறாங்க அங்க?"

கஸ்யோகா சிரிக்கவில்லை. விரல் விட்டுச் சொன்னாள். "முதல் ரெண்டு காரும் சோபா மாதிரி மெத்து. அரை மணி நேரம் சொர்க்கம், மூணு மணி நேரத்துல நரகம். ஆறாவதுல இடது முழங்கால் கியர் பெட்டியில இடிக்குது. ஒன்பதாவதுல குதிகால் ஊனி பெடலை மிதிக்க முடியலை, தொடை தொங்குது. இதுல..." ஸ்டியரிங்கைத் தட்டினாள். "இதுல உட்கார்ந்ததும் எதையும் யோசிக்கத் தோணலை. நல்ல சீட்டுன்னா சீட்டே ஞாபகம் வரக்கூடாது."

ஒடின்டோ மனதுக்குள் தலை வணங்கினான். பத்து வருடம் கிரீஸில் கை வைத்தவன் அவன். கார் வாங்க வந்த எவரும் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. எல்லோரும் பெயிண்ட் பளபளப்பைத் தடவிப் பார்ப்பார்கள். டயரை உதைப்பார்கள். எந்த டயரும் இதுவரை திருப்பி உதைத்ததில்லை என்பது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

வேலி ஓரம் சோளம் வாங்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்ட கெருபோ அப்போதுதான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். கையில் சுட்ட மக்காச்சோளம், மிளகாயும் எலுமிச்சையும் தேய்த்தது. மெலிந்த உருவம், ஆண்கள் போடும் மழைக்கோட்டு, நரைத்த குட்டை முடி.

"எது?"

"வெள்ளை, மேடம். பானெட்டைத் திறக்கட்டுமா?"

"வேண்டாம்."

"இன்ஜின்?"

"எல்லாரும் இன்ஜினைப் பார்ப்பாங்கன்னு இவருக்குத் தெரியும். அதனால இன்ஜின் சுத்தமாத்தான் இருக்கும். இல்லையா கிச்சுஹி?"

"பளிங்கு மாதிரி இருக்கும், மேடம்!" என்றார் அவர் பெருமையாக. கெருபோ சோளத்தைக் கடித்தபடியே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்னால் வருவதைக் காட்டும் வலது பக்கக் கண்ணாடி அருகே நின்றார். குனிந்தார். கோட்டுப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, கண்ணாடிக் கூட்டின் அடியில் லேசாகச் சுரண்டினார். பிறகு சுரண்டிய இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டார்.

"ஒடின்டோ, இங்க வா. என்ன தெரியுது?"

"கண்ணாடி. அதுல அழகான ஒரு ஆம்பளை."

"அதுக்குக் கீழ."

"கூடு. ரெண்டு ரிவிட் ஆணி."

"அது அங்க எதுக்கு?"

"எதுக்கா? திருட்டுப் பயலுக சிக்னல்ல வண்டி நிக்கும்போது கண்ணாடியைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. அதான் ரிவிட் அடிக்கிறது. நைரோபியில எந்தக் காருக்கு மேடம் இது இல்ல? மனுஷனுக்கு மூக்கு இருக்கிற மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவனின் வாய் தானாக நின்றது.

"ஜப்பான்ல டீச்சர் ரிவிட் அடிப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் கெருபோ.

கிச்சுஹி சிரித்தார். கொஞ்சம் சத்தமாகவே. "மேடம், அது நாங்க அடிச்சது! யார்டுல ராத்திரி திருட்டு பயம்..."

"இங்க நாப்பது வண்டி நிக்குது. வரும்போதே எண்ணிட்டேன். இது ஒண்ணுக்குத்தான் ரிவிட்."

"இது கேட்டுக்குப் பக்கத்துல நின்னுது..."

"சரி, நீங்களே அடிச்சதா இருக்கட்டும். புது ரிவிட் எப்படி இருக்கும் ஒடின்டோ?"

"அலுமினியம். பல்லு மாதிரி மின்னும்."

"இது?"

அவன் மறுபடி குனிந்தான். இரண்டு ரிவிட் தலைகளும் வெள்ளையாக இருந்தன. பெயிண்ட் அவற்றின் மேல் வழிந்து, உறைந்து, அடை மாவு மாதிரி மூடியிருந்தது. முதலில் ரிவிட். அப்புறம்தான் பெயிண்ட். கார் வெள்ளை ஆவதற்கு முன்பே இந்த ஊரில் யாரோ திருடனுக்குப் பயந்திருக்கிறார்கள்.

"என் பத்து வருஷ அனுபவத்தைக் கொண்டு போய் ஆத்துல போடுங்க," என்றான். "முகத்துக்கு நேரா இருந்துச்சு."

"பெயிண்ட் அடிச்சவனும் உன்னை மாதிரிதான். இந்த ஊர்க்காரன். சீட் உறை புதுசு, டயர் புதுசு, மீட்டரைத் திருப்பியாச்சு. ஆனா இது கவனிக்க வேண்டிய ஒண்ணுன்னே அவனுக்குத் தோணலை. காரோட பிறந்ததுன்னு நினைச்சுட்டான்."

கிச்சுஹியின் தோள்கள் இறங்கின. இரண்டு போனையும் பைக்குள் போட்டார். வியாபாரி தோற்றுப்போகும்போது எப்படித் திரும்ப வியாபாரியாகிறான் என்பதை ஒடின்டோ பலமுறை பார்த்திருக்கிறான். இப்போதும் அதுதான் நடந்தது.

"சரி மேடம். உள்ளூர் வண்டிதான். என்ன கெட்டுப் போச்சு? ஓடுது. விலையைக் குறைச்சுக்கலாம். சிஸ்டருக்குச் சீட் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு," என்றாள் கஸ்யோகா சட்டென்று. காரிலிருந்து இறங்கவேயில்லை அவள். "உள்ளூர் வண்டின்னா இருக்கட்டும். நிஜ கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. ரெண்டு லட்சம் ஓடியிருந்தாலும் பரவாயில்லை. நான் இன்னும் ரெண்டு லட்சம் ஓட்டுவேன். திங்கட்கிழமை அந்த மேசையில உட்கார மாட்டேன். அதுதான் எனக்கு வேணும்."

கேஸ் முடிந்தது என்று ஒடின்டோ நினைத்தான். மதியச் சாப்பாட்டுக்கு வறுத்த மீன் கடைக்குப் போகலாமா என்றுகூடக் கணக்குப் போட்டான். கெருபோவின் கட்டைவிரலோ கண்ணாடிக் கூட்டை விட்டு நகரவில்லை.

"கஸ்யோகா, இந்தச் சாலையில எழுபது யார்டு இருக்கு. இங்க ஏன் வந்தே?"

"வரக்கூடாதுன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

"யார்?"

"ம்பாட்டியா. கார் பார்க்கப் போறேன்னு சொன்னதும் ஓடி வந்து, 'எங்க வேணா போம்மா, கிச்சுஹி யார்டுக்கு மட்டும் போகாதே, ஏமாத்துவான்'னாரு. அந்த ஆள் வலது பக்கம் போன்னா நான் இடது பக்கம்தான் போவேன். நேரா வந்துட்டேன்."

"ஆறு வருஷத்துல அவர் உனக்கு வேற என்ன நல்ல புத்தி சொல்லியிருக்கார்?"

கஸ்யோகா யோசித்தாள். "ஒண்ணுகூட இல்லை."

"எனக்கும் அதுதான் உறுத்துது."

கிச்சுஹி காரணமில்லாமல் தன் அலுவலகத் தகர அறையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னொரு கேள்வி," என்றார் கெருபோ. "காணாமல்போன உன் கம்பெனிக் காரும் இதே மாடல்தானே?"

"இந்த நகரத்துல மூணுல ஒண்ணு இதே மாடல்தான் மேடம். ஆனா அது மெரூன் கலர்."

"அதுல சீட்டுக்கு ஏதாவது செஞ்சியா? கம்பெனிக்குத் தெரியாம?"

அவள் முகம் மாறியது. தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இல்லை, ரகசியமாகப் பெருமைப்பட்டவள் மாதிரி. "செஞ்சேன். சீட்டோட முன்பக்கம் தாழ்வா இருந்துச்சு. ம்விங்கியில ஒரு மெக்கானிக் பழைய அலுமினியச் சட்டி மூடியை வெட்டி, முன் போல்ட்டு ரெண்டுக்கும் கீழ ரெண்டு ரெண்டு துண்டா வச்சு உயர்த்திக் கொடுத்தாரு. அதுக்கப்புறம்தான் என்னால நேரா நிமிர்ந்து..."

பேச்சு அங்கேயே அறுந்தது. அவளுடைய கை மெல்ல, பாம்புப் புற்றுக்குள் விடுவது போல, தொடைக்கு அடியில் இறங்கியது.

"நீ கை வைக்காதே," என்றார் கெருபோ. "ஒடின்டோ, நீ பாரு. அவங்க சொன்னதுக்கு அப்புறம் வேற ஒருத்தர் பார்த்ததா இருக்கணும்."

இந்த முறை ஒடின்டோ ஷூவை மறந்தான். சேற்றில் முழங்கால் போட்டு, போன் விளக்கை எரியவிட்டு, சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். தூசி. ஒரு மிட்டாய் உறை. முன் போல்ட்டு. அதன் கீழ் இரண்டு துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கத்தரியால் கோணலாக வெட்டியவை. ஒன்றின் ஓரத்தில் மூடியின் வளைந்த விளிம்புகூட அப்படியே இருந்தது. அடுத்த போல்ட்டிலும் இரண்டு.

"நாலு," என்று உள்ளிருந்தே கத்தினான். "இதுல சமைச்ச வாசனைதான் வரலை!"

கெருபோ கட்டைவிரலை எடுத்தார். வெள்ளைப் பெயிண்டின் கீறலுக்குள் மெரூன் தெரிந்தது.

கஸ்யோகா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். காணாமல்போன பிள்ளை ஆளே அடையாளம் தெரியாமல் வளர்ந்து எதிரில் வந்து நின்றால் ஒரு தாய் இப்படித்தான் விழிப்பாளோ என்று தோன்றியது ஒடின்டோவுக்கு. கண் ஏமாந்தது. காது ஏமாந்தது. முதுகு ஏமாறவில்லை.

"சாவி என் பையிலயே இருந்துச்சு," என்றாள் தணிந்த குரலில்.

"இன்னொரு சாவி இருக்கும்ல? அது யாரோட மேசையில இருக்கும்?"

"வாகனப் பொறுப்பாளர் மேசையில." அவள் கிச்சுஹியின் பக்கம் திரும்பினாள். "யார் கொண்டு வந்தது?"

"சிஸ்டர், அதெல்லாம் கேட்காதீங்க..."

"கேக்குறேன்."

கிச்சுஹி நெற்றியைத் துடைத்தார். "உங்க ஆபீஸ்காரர்தான். ம்பாட்டியா. கம்பெனி ஏலத்துல விட்டதுன்னு சொன்னாரு. நான் நம்பினேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க." பிறகு குரலை இறக்கி, கார் ஜன்னலில் சாய்ந்தார். "இங்க பாருங்க. வண்டியை எடுத்துக்குங்க. காசு வேண்டாம். பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கிறேன், திங்கட்கிழமை காலையில புது நம்பர் பிளேட்டோட உங்க வாசல்ல நிக்கும். உங்க சீட்டு, உங்க ரோடு. யாருக்கும் தெரியாது. போலீஸுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா? வண்டியை சாட்சின்னு பிடிச்சு வச்சுப்பாங்க. வருஷக் கணக்குல வெயில்ல காயும். திங்கட்கிழமை உங்ககிட்ட சக்கரம் ஒண்ணுகூட இருக்காது."

அது பொய்யில்லை. இந்த மனிதர் அன்று சொன்ன முதல் உண்மை அதுதான் என்று ஒடின்டோவுக்குப் பட்டது. கெருபோவைப் பார்த்தான். அவர் சோளத்தின் கடைசி வரிசையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"மேடம், ஏதாவது சொல்லுங்க."

"என் வேலை பொய்யைக் காட்டுறது. காட்டியாச்சு. முதுகு அவளுது."

கஸ்யோகா மீட்டரையே பார்த்தாள். அந்த வேடிக்கையான நாற்பத்தோராயிரத்தை. அந்த முதுகு சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், எழுந்துவிடுவாள் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

"சாவி குடுங்க. இன்ஜின் சத்தம் கேட்கணும்," என்றாள்.

கிச்சுஹியின் முகம் மலர்ந்தது. கொடுத்தார். கஸ்யோகா இன்ஜினை எழுப்பினாள். கதவை மூடினாள். நாலு கதவும் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண்ணாடி மேலேறியது. வண்டி ஒரு குலுங்கலோடு புறப்பட்டு, இரண்டு கார்களுக்கு நடுவே நூல் பிடித்தது போல நுழைந்து, யார்டின் கேட்டில் குறுக்கே போய் நின்றது. இனி எந்த வண்டியும் வெளியே போக முடியாது, கேட்டையும் மூட முடியாது.

அப்புறம் அவள் ஹாரனை அழுத்தினாள்.

அழுத்தியவள் கையை எடுக்கவில்லை. மினிபஸ்காரன் கத்துவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். பக்கத்து யார்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சோளம் விற்கும் பெண் அடுப்பை விட்டுவிட்டு வந்தாள். கிச்சுஹி கண்ணாடியைத் தட்டினார், கும்பிட்டார், கதவை இழுத்தார்.

"கார் சொந்தக்காரங்க யாரு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"அதைத்தான் கொஞ்சம் சத்தமா சொல்லிட்டிருக்காங்க," என்றான் ஒடின்டோ, போலீஸுக்கு போன் போட்டபடி.

மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்கள். அங்கே வரை வண்டியை நானேதான் ஓட்டுவேன் என்று கஸ்யோகா அடம்பிடித்து, பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை உட்கார வைத்து ஓட்டி வந்தாள். பின் வளாகத்தில் நிறுத்தி, சாவியைத் தானே எடுத்துக்கொடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ம்பாட்டியாவைக் கூட்டிவர ஒரு ஜீப் போயிருந்தது.

சார்ஜென்ட் வாக்குமூலப் புத்தகத்தைத் திறந்தார். வழுக்கைத் தலை, பொறுமையான கையெழுத்து. "வண்டி இங்கதான் இருக்கும்மா. வழக்கு முடியற வரைக்கும்."

"தெரியும்."

"திங்கட்கிழமைக்கு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார் கெருபோ. முதல் முறையாக அவர் குரலில் கவலை இருந்தது.

"ஏழு மணிக்கு மேனேஜிங் டைரக்டர் ரூம் வாசல்ல நிப்பேன். கார் கொண்டா, ரோட்டைத் தரேன்னாங்க. அவங்க காரையே கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டேன். இதுக்கு மேல என்கிட்ட சொந்த வண்டி கேட்கிற ஆளை நான் பார்க்கணும். எட்டரைக்கு ஈஸ்ட்லீயிலேர்ந்து கரிஸ்ஸாவுக்கு பஸ் இருக்கு. புது வண்டி தர வரைக்கும் மருந்துப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போவேன்."

"அந்த பஸ் சீட்டுல உட்கார்ந்திருக்கீங்களாக்கா?" என்றான் ஒடின்டோ. "மனுஷங்களை வேற விதமா மடிச்சு அனுப்புவாங்க."

"நின்னுட்டே போறேன்."

சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். பெயர், வயது, ஊர் எழுதிவிட்டு அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தே அடுத்த வரியை எழுதத் தொடங்கினார். "தொழில், அலுவலக உதவியாளர்..."

"அதை அடிங்க."

"அட்டையில அப்படித்தானேம்மா போட்டிருக்கு?"

"பிப்ரவரியில போட்டது. அவங்க எழுதினது அது, நான் சொன்னதில்லை. இது என் வாக்குமூலம்தானே?"

சார்ஜென்ட் கெருபோவைப் பார்த்தார். கெருபோ கூரையைப் பார்த்தார். சார்ஜென்ட் பேனாவால் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"என்ன எழுதட்டும்?"

"விற்பனைப் பிரதிநிதி. கரிஸ்ஸா சாலை."

அவர் எழுதி முடித்ததும் கஸ்யோகா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை ஒருமுறை படித்து, நாற்காலியில் உட்காராமலே கையெழுத்துப் போட்டாள்.